பயம் வரும் நாளில் விசுவாசம்: வாசகர் கேள்வியும் பதிலும்

இம்முறை வட இலங்கையின் வன்னிப் பகுதியில் உள்ள பல பங்குகளிலிருந்து வந்த கடிதங்களுள், பயத்தைப் பற்றிக் கேட்டவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை நீக்கி ஊர்ப் பெயரை மட்டும் விட்டிருப்பதுடன், நீண்ட கடிதங்களைச் சுருக்கியும் இருக்கிறேன்.

கேள்வி (முள்ளியவளையிலிருந்து ஒரு தாய்): சுவாமி, சண்டை முடிந்து இத்தனை வருடமாகியும், திருவிழாவில் வெடி கொளுத்தினால் எனக்குக் கைகால் நடுங்குகிறது. ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டு வீட்டுக்குள் ஓடுகிறேன். எங்கள் செபக்குழுவில் உள்ள ஒரு சகோதரி, விசுவாசம் உள்ளவருக்குப் பயம் வராது, இது சாத்தானின் கட்டு என்று சொல்கிறார். நான் பாவம் செய்கிறேனா?

பதில்: இல்லை, அம்மா. பயப்படுவது பாவமென்றால், கெத்சமனித் தோட்டத்தில் கழிந்த அந்த இரவுக்காக இயேசுவையும் பாவிகளின் வரிசையில் நிறுத்தவேண்டி வரும். அவர் திகிலும் மனக்கலக்கமும் அடைந்தார் என்பதை மாற்கு தமது நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் ஒளிக்காமல் எழுதுகிறார். துன்பக் கிண்ணம் தம்மை விட்டு அகலவேண்டும் என்று ஒரு தடவை கேட்டு அவர் அமைதியடைந்துவிடவும் இல்லை; போய்ப் போய்த் திரும்பி வந்து, அதே சொற்களைச் சொல்லியே மன்றாடினார். பேதுருவையும் யாக்கோபையும் யோவானையும் பக்கத்தில் விழித்திருக்கச் சொன்னார் என்பதிலிருந்து, அந்த நேரத்தில் தனித்திருப்பது அவருக்கே கடினமாக இருந்தது என்று விளங்குகிறது. அவர்கள் தூங்கிப்போனார்கள் என்பது வேறு விடயம்.

உங்கள் கைகால் நடுங்குவதற்கு விசுவாசக் குறைவு காரணமில்லை. மாதக்கணக்காகச் செல் எனும் எறிகணை வீச்சுக்கும் கிபிர் போர்விமானங்களுக்கும் நடுவே பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடிய ஓர் உடம்பு, சத்தம் கேட்டவுடன் ஓடவேண்டும் என்று பழகிக்கொண்டது. அந்தப் பழக்கம்தான் அன்று உங்களையும் பிள்ளைகளையும் காப்பாற்றியிருக்கவும் கூடும். ஆபத்து போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை, அவ்வளவுதான். இதற்கு வைத்தியமும் உளவளத்துணையும் உண்டு. மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போவதைக் கடவுள்மேல் நம்பிக்கை இழந்ததற்கு அடையாளமாக எண்ணுபவர்கள் எங்கள் பங்குகளில் இன்னும் பலர் இருக்கிறார்கள். நீரிழிவுக்கு மருந்து எடுக்கும்போது இந்தச் சந்தேகம் இவர்களுக்கு வருவதில்லை என்பது எனக்கு எப்போதும் விநோதமாகவே தெரியும்.

எலியாவின் கதையை ஒருமுறை ஆறுதலாக வாசித்துப் பாருங்கள். அது அரசர்கள் முதல் நூலின் 19ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கார்மேல் மலையில் ஒரு கூட்டத்தையே தனியொருவராக எதிர்த்து நின்ற மனிதர், ஈசபெல் அரசியின் ஒரு மிரட்டலைக் கேட்டு உயிர்தப்ப ஓடுகிறார். பாலைநிலத்தில் ஒரு செடியின் கீழ்க் கிடந்து, ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்கிறார். அங்கே வந்த வானதூதர் அவரைக் கண்டிக்கவில்லை, விசுவாசத்தைப் பற்றிப் பிரசங்கிக்கவும் இல்லை. தணலில் சுட்ட அப்பத்தையும் ஒரு குவளைத் தண்ணீரையும் தலைமாட்டில் வைத்து, எழுந்து சாப்பிடு என்றார். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதர் இரண்டாம் முறையும் வந்து, பயணம் நீண்டது, சாப்பிடு என்றார். ஆண்டவர் எலியாவுடன் பேசியது அதற்கெல்லாம் பிறகு, ஓரேபு மலையில்தான். போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் கிடைத்த அரிசியைப் போட்டுக் கஞ்சி காய்ச்சி, வரிசையில் நின்றவர்களுக்கு ஊற்றியவர்கள், அந்தத் தூதர் செய்த வேலையைத்தான் செய்தார்கள் என்று நான் நம்புகிறேன்.

உங்கள் சகோதரியோடு சண்டை பிடிக்கவேண்டாம். தன் பயத்தை ஒருவருக்கும் காட்டாமல் வைத்திருப்பவர்களும் சிலவேளைகளில் அப்படிப் பேசுவதுண்டு. ஆனால் அவருடைய சொல்லை நம்பவும் வேண்டாம். பயம் வரும் நாளில் உம்மை நம்புவேன் என்று 56ஆம் திருப்பாடலைப் பாடியவர் சொல்கிறார். அப்படிப்பட்ட நாள் வராது என்று அவர் தமக்கு வாக்குக் கொடுத்துக்கொள்ளவில்லை. வரும் என்று தெரிந்துதான் பாடுகிறார். நடுக்கம் தொடங்கும்போது அந்த ஒரு வரியைச் சொல்லுங்கள். பக்கத்தில் யாராவது இருந்தால் அவர்களுடைய கையைப் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள்.

கேள்வி (முழங்காவிலிலிருந்து ஒரு முதியவர்): வீட்டு வாசலில் 91ஆம் திருப்பாடலை எழுதி ஒட்டியிருக்கிறேன், மடு மாதா கோயில் மண்ணையும் ஒரு சிறு பையில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். இது மூடநம்பிக்கை என்று மகன் சிரிக்கிறான்.

பதில்: இரண்டையும் அப்படியே வைத்திருங்கள், ஐயா. ஆனால் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள்: கோயில் உச்சியிலிருந்து குதியும், தூதர்கள் உம்மைத் தாங்கிக்கொள்வார்கள் என்று சாத்தான் இயேசுவிடம் சொன்னபோது, எடுத்துக்காட்டியது இந்த 91ஆம் திருப்பாடலைத்தான். அதே பாடலை மன்றாட்டாகவும் சொல்லலாம், கடவுளோடு பந்தயம் பிடிக்கவும் பயன்படுத்தலாம். மடு மண் பாம்புக் கடிக்குக் காவல் என்பது எங்கள் முன்னோரின் பக்தி. அதை நான் பழிக்கமாட்டேன். பாம்பு கடித்துவிட்டால் மண்ணைப் பூசிக்கொண்டு வீட்டில் இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்பதை மட்டும், உங்கள் மகன் அல்ல, நான் சொல்கிறேன்.

கேள்வி (புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு பெண்): 2009இல் மாத்தளன் பக்கம் நாங்கள் ஒரு பதுங்குகுழிப் பங்கரிலும் என் தங்கச்சி குடும்பம் பக்கத்துப் பங்கரிலும் இருந்தோம். இரண்டு பங்கரிலும் செபமாலை சொல்லிக்கொண்டுதான் இருந்தோம். தங்கச்சியின் இரண்டு பிள்ளைகளும் செல் விழுந்து செத்துப்போனார்கள். என் பிள்ளைகள் தப்பிவிட்டார்கள். செபக் கூட்டங்களில், செபமாலைதான் எங்களைக் காப்பாற்றியது என்று ஆட்கள் சாட்சியம் சொல்லத் தொடங்கினால் அவள் எழுந்து போய்விடுவாள். இப்போது கோயிலுக்கே வருவதில்லை. நான் அவளுக்கு என்ன சொல்வது?

பதில்: முதலில், உங்கள் தங்கச்சி எழுந்து போனதில் ஒரு நியாயம் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் செபித்தோம், ஆகவே தப்பினோம் என்று ஒருவர் ஒலிவாங்கியில் சொல்லும்போது, பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அதன் மறுபாதியும் கேட்கிறது: உன் செபம் போதவில்லை. அந்த மறுபாதியைச் சொன்னவர் நினைத்திருக்கமாட்டார்தான். என்றாலும், பிள்ளைகளை இழந்தவர்கள் அமர்ந்திருக்கும் கூட்டத்தில் எப்படி நன்றி சொல்லவேண்டும் என்பதை, குருக்களாகிய நாங்கள் எங்கள் மக்களுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

திருத்தூதர் பணிகள் நூலின் 12ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏரோது அரசன் யோவானின் சகோதரரான யாக்கோபை வாளால் கொல்லுகிறான். அது ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. பிறகு பேதுருவைப் பிடித்துச் சிறையில் அடைக்கிறான். சபை அவருக்காக ஊக்கமாய் மன்றாடுகிறது. வானதூதர் வருகிறார், விலங்குகள் கழன்று விழுகின்றன, இரும்புக் கதவு தானே திறக்கிறது. ஒரே அரசன், ஒரே ஊர், ஒரே சபை. யாக்கோபுக்காக அந்தச் சபை மன்றாடாமலா இருந்திருக்கும்? இயேசு தம் பக்கத்திலேயே வைத்திருந்த மூவரில் ஒருவரல்லவா அவர்? ஏன் ஒருவர் மாண்டார், ஏன் மற்றவர் தப்பினார் என்று அதை எழுதிய லூக்கா ஒரு சொல்லும் விளக்கம் தரவில்லை. தெரியாத காரணத்தைக் கண்டுபிடித்துச் சொல்வதைவிட அந்த மௌனம் நேர்மையானது என்று எனக்குப் படுகிறது. நாங்களோ ஆயிரம் காரணம் சொல்லிவிடுகிறோம்: கடவுளுக்குப் பிடித்த பூக்களை முதலில் பறித்துக்கொண்டார், பெற்றோரின் பாவம், ஏதோ ஒரு பெரிய திட்டம். இவற்றுள் ஒன்றையேனும் உங்கள் தங்கச்சியிடம் சொல்லாதீர்கள். சிலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததைப் பற்றிப் பேச்சு வந்தபோது, அவர்கள் எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகள் என்று எண்ணுகிறீர்களா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்றும் தாமே பதில் சொன்னார். எங்கள் கரைக்கு 2004 டிசெம்பர் 26இல் சுனாமியாகக் கடல் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. 2019இல் கொச்சிக்கடையிலும் கட்டுவப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டு வெடித்தது உயிர்ப்பு ஞாயிறு காலையில். அன்று செத்தவர்கள் செபிக்காதவர்கள் என்று யார் சொல்லத் துணிவார்?

அப்படியானால் எதற்குச் செபிக்கிறோம் என்று நீங்களும் கேட்கக்கூடும். தானியேல் நூலில், தீச்சூளைக்கு முன் நின்ற மூன்று இளைஞர்கள் அரசனிடம் சொன்ன பதிலில் இரண்டு பகுதிகள் உண்டு: எங்கள் கடவுள் எங்களை விடுவிக்க வல்லவர், அவர் விடுவிக்காமற்போனாலும் உன் சிலையை நாங்கள் வணங்கமாட்டோம். அந்த இரண்டாம் பகுதியைச் சொல்ல முடிந்தவர்களைத்தான் நான் துணிவுள்ளவர்கள் என்பேன். அந்தப் பங்கருக்குள் உங்கள் செபமாலை செல்லைத் தடுக்கும் கூரையாக இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தங்கச்சியின் பிள்ளைகள் கடைசியாகக் கேட்ட குரல்களுள் தாயின் செபக் குரலும் ஒன்று என்பதையும், சிலுவையில் தொங்கியபடி, என் இறைவா, ஏன் என்னைக் கைவிட்டீர் என்று கத்தியவர் அந்தக் குழிக்குள்ளும் இருந்தார் என்பதையும் நான் விசுவசிக்கிறேன். இதை என்னால் நிரூபித்துக் காட்ட முடியாது.

உங்கள் தங்கச்சிக்கு 88ஆம் திருப்பாடலை வாசித்துக் காட்டலாம், அவர் விரும்பினால் மட்டும். துயரத்தைச் சொல்லும் ஏனைய பாடல்களில் பெரும்பாலானவை கடைசியில் எப்படியாவது நம்பிக்கைக்குத் திரும்பிவிடும். இந்தப் பாடல் இருளிலேயே தொடங்கி இருளிலேயே முடிகிறது. அதையும் திருமறைக்குள் வைத்து, செபம் என்றே எங்களுக்குத் தந்திருக்கிறார்கள். கோயிலுக்கு வா என்று இப்போதைக்கு அவரை அழைக்கவேண்டாம். பிள்ளைகளின் நினைவு நாளில் அவர் வீட்டுக்குப் போய்ச் சமைத்து, கூட இருந்து சாப்பிடுங்கள்; அவர்களுடைய பெயர்களைச் சொல்லிக் கதையுங்கள். உங்கள் பிள்ளைகள் தப்பியதற்காக அவர்முன் வெட்கப்படவும் வேண்டாம், அதைச் சாட்சியமாக்கவும் வேண்டாம். செபக் கூட்டத்தை நடத்துபவர்களிடம் இந்தப் பதிலைக் காட்டினால் எனக்கு மகிழ்ச்சி.

கேள்வி (மாங்குளத்திலிருந்து ஓர் இளைஞன்): பாதர், 2008இல் மடு மாதாவின் சுரூபத்தையே பாதுகாப்புக்காகத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டி வந்தது என்று அப்பா சொல்கிறார். தன்னையே காப்பாற்றிக்கொள்ள முடியாத மாதா எங்களை எப்படிக் காப்பாற்றுவா?

பதில்: தம்பி, நல்ல கேள்வி. அப்பா சொன்னது உண்மை. 2008 ஏப்பிரல் மாதத் தொடக்கத்தில், சண்டை கோயிலை நெருங்கியபோது, குருக்கள் சுரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஆகஸ்டில்தான் அது மடுவுக்குத் திரும்பியது. ஆனால் அந்தச் சுரூபம் மடுவுக்கு வந்ததே எப்படி என்று அப்பா சொல்லவில்லைப்போலும். ஒல்லாந்தர் 1658இல் மன்னாரைப் பிடித்து, கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்து, குருக்களைத் துரத்தினார்கள். மாந்தையில் இருந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் சில, 1670ஆம் ஆண்டளவில் தங்கள் கோயில் சுரூபத்தையும் எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போய், மருதமடுவில் குடியேறினார்கள் என்பது எங்கள் மரபு. ஆகவே மடு மாதா வன்னிக்கு வந்ததே இடம்பெயர்ந்த சனங்களோடுதான். அதற்கும் முந்தி, 1544இல், யாழ்ப்பாணத்தை ஆண்ட சங்கிலி மன்னனின் ஆணையால் மன்னாரில் ஏறக்குறைய 600 பேர் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டார்கள். எங்களுடையது பாதுகாப்பாக இருந்தவர்களின் சமயமாக ஒருநாளும் இருந்ததில்லை.

1999 நவம்பர் 20ஆம் திகதி, மடுக் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள்மேல் செல்கள் விழுந்து ஏறக்குறைய 40 பேர் இறந்தார்கள். அவர்களுள் சிறுவர்களும் பலர். மாதா அதைத் தடுக்கவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகும் சனம் வந்தது, இன்றும் வருகிறது. செல் விழாத இடம் என்று நம்பியா வருகிறார்கள்? தன் மகனைச் சிலுவையில் பார்த்த ஒரு தாயிடம், தன் பிள்ளையை இழந்த தாய் வருகிறாள் என்றே நான் அதைப் பார்க்கிறேன்.

துணிவைப் பற்றி உனக்கு ஒரு மனிதரைச் சொல்கிறேன். கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் அடிகளார், குருக்களுக்குத் தடையிருந்த இந்த நாட்டுக்கு 1687இல் மாறுவேடத்தில் வந்தார். யாழ்ப்பாணத்தில் இரவோடிரவாக வீடுகளில் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். கண்டிக்குப் போனபோது போர்த்துக்கேயரின் உளவாளி என்று சந்தேகித்துச் சிறையில் போட்டார்கள். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவி, வீட்டார் தங்கள் நோயாளிகளையே கைவிட்டு ஓடியபோது, அவர் காட்டில் விடப்பட்டவர்களைத் தேடிப் போய்ப் பராமரித்தார். பாப்பரசர் பிரான்சிஸ் 2015 ஜனவரி 14ஆம் திகதி அவரைப் புனிதராக அறிவித்துவிட்டு, அன்றே மடுவுக்கும் வந்தார். தனக்கு நோய் தொற்றாது என்று வாஸ் அடிகளாருக்கு ஒருவரும் உறுதி கொடுக்கவில்லை. மாதா எங்களை எப்படிக் காப்பாற்றுவா என்ற உன் கேள்விக்கு, ஆபத்தே வராமல் காப்பா என்று பதில் சொன்னால் நான் பொய் சொன்னவனாவேன். ஆபத்து வந்தபோது மற்றவனை விட்டுவிட்டு ஓடாத ஆட்களை இந்த விசுவாசம் திரும்பத் திரும்ப உருவாக்கியிருக்கிறது. அதை நான் கண்ணால் பார்த்தும் இருக்கிறேன்.

கேள்வி (கிளிநொச்சியிலிருந்து ஒரு தாய்): 2009 மே மாதம் வட்டுவாகலில் என் மகனை இராணுவத்திடம் கையால் ஒப்படைத்தேன். மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்கிறார்கள். நவம்பர் 2ஆம் திகதி மரித்தோருக்கான பூசையில் பெயரைக் கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுத்தால் நானே அவனைச் சாகடித்தது போலாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: அம்மா, பெயரைக் கொடுக்கவேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. திருப்பலியை இறந்தவர்களுக்காகவும் ஒப்புக்கொடுக்கலாம், உயிரோடிருப்பவர்களுக்காகவும் ஒப்புக்கொடுக்கலாம். உங்கள் பங்குத்தந்தையிடம் போய், என் மகனுக்காக என்று மட்டும் சொல்லி, அவன் பிறந்த நாளில் ஒரு பூசை கேளுங்கள். அவன் எங்கே என்று கடவுளுக்குத் தெரியும். எந்தப் பட்டியலில் அவன் பெயரை எழுதுவது என்று நீங்கள் தீர்மானிக்கும்வரை கடவுள் காத்திருக்கவேண்டியதில்லை. எங்கள் குருக்களுள் ஒருவரான அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப் அடிகளாரும் அதே மாதத்தில், அதே வட்டுவாகலில், சரணடைந்தவர்களோடு போய்த் திரும்பி வராதவர். ஆகையால் திருச்சபையும் உங்களைப்போல ஒருவரைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறது.

சாமுவேல் இரண்டாம் நூலின் 21ஆம் அதிகாரத்தில் ரிஸ்பா என்றொரு தாய் வருகிறாள். அரசியல் கணக்குத் தீர்ப்பதற்காக அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் கொன்று மலையில் விட்டுவிட்டார்கள். அவள் சாக்குத் துணியைப் பாறையில் விரித்து, அறுவடைக் காலம் தொடங்கி மழை பெய்யும்வரை அங்கேயே இருந்து, பகலில் பறவைகளையும் இரவில் காட்டு விலங்குகளையும் விரட்டிக்கொண்டிருந்தாள். அவள் ஒரு சொல் பேசியதாகக்கூட எழுதப்படவில்லை. ஆனால் தாவீது அரசன் அதைக் கேள்விப்பட்டு, எலும்புகளை எடுத்து முறைப்படி அடக்கம் செய்யவேண்டி வந்தது. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுத் தாய்மார் போராட உட்கார்ந்தபோது எனக்கு ரிஸ்பாதான் நினைவுக்கு வந்தாள். தேடுவதை விடுவதுதான் விசுவாசம் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால், இந்த அதிகாரத்தை அவர்களிடம் வாசிக்கக் கொடுங்கள். சான்றிதழ் விடயம் சட்டத்தோடும் உங்கள் வாழ்க்கைச் செலவோடும் சேர்ந்தது. அதை ஒரு சட்டத்தரணியிடம் கேட்டு முடிவுசெய்யுங்கள். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், அந்தத் தாளுக்கு உங்கள் மகனை உயிர்ப்பிக்கவோ சாகடிக்கவோ அதிகாரம் இல்லை.

கேள்வி (தருமபுரத்திலிருந்து ஒரு மறைக்கல்வி ஆசிரியை): என் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் சண்டைக்குப் பிறகு பிறந்தவர்கள். ஆனாலும் இடி முழங்கினால், குளம் நிரம்புகிறது என்று கேட்டால், நடுங்குகிறார்கள். பயம் வரும்போது செபிக்க எப்படிப் பழக்குவது?

பதில்: 2018 டிசெம்பர் வெள்ளத்தில் வீட்டைவிட்டு ஓடிய பிள்ளைகளும், பெரியவர்களின் பயத்தைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகளும் உங்கள் வகுப்பில் இருப்பார்கள். இயேசு படகில் தூங்கிய கதையைச் சொல்லுங்கள். ஆனால் புயல் அடங்கியது என்று சொல்வதற்கு முன், சீடர்கள் அவரை எழுப்பி, நாங்கள் சாகப்போகிறோம், உமக்குக் கவலையில்லையா என்று கேட்ட இடத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். கடவுளிடம் அப்படிக் கேட்கலாம் என்று பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும். பிறகு ஒரு சிறிய வரியைப் பழக்குங்கள்: இயேசுவே, எனக்குப் பயமாயிருக்கிறது, என்னோடு இரும். மூச்சை இழுக்கும்போது பாதி, விடும்போது பாதி. கண்ணை மூடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். இருட்டுக்குப் பயந்த பிள்ளைக்குக் கண்ணைத் திறந்துகொண்டு செபிப்பதே நல்லது. செபித்து முடிந்ததும், வெள்ளம் வந்தால் எந்தப் பாதையால் எந்த மேட்டுக்குப் போகவேண்டும், தம்பி தங்கச்சியை யார் பிடித்துக்கொள்வது என்பதையும் அதே வகுப்பில் சொல்லிக்கொடுங்கள். அதுவும் மறைக்கல்விதான், மேலிடத்தில் யாராவது கேட்டால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.